கன்னோலிக் குழல்கள்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கன்னோலி என்பது இத்தாலியின் சிசிலித் தீவு இனிப்பு: குழல் வடிவில் பொரித்த மாவு ஓட்டுக்குள் ரிக்கோத்தா கிரீம் நிரப்புவது. அதை வீட்டில் செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் நல்ல குழல் வாங்குங்கள். மாவை அதில் சுற்றி, குழலோடுதான் எண்ணெயில் போடுகிறோம். சிசிலியில் முன்பு நாணல் துண்டுகளில் சுற்றினார்கள். இப்போது கடையில் கிடைப்பது உலோகக் குழல்.

சிசிலியின் பலெர்மோ நகரில் இருக்கும் நான் உலோகக் குழலில் இரண்டு வகையும் பாவித்திருக்கிறேன். தகர முலாம் பூசியது மலிவு, ஆனால் பொருத்தின ஓரத்தில் துரு பிடித்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல்கள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. ஒரு முனை சற்றே ஒடுங்கியதாக இருந்தால் பொரித்த ஓடு சுலபமாகக் கழன்று வரும். மாவின் ஓரத்தை ஒட்டத் தடவும் முட்டை வெள்ளைக்கரு மட்டும் உலோகத்தில் படவே கூடாது. பட்டால் ஓடு உடைந்துதான் வரும்.

மாவுக்கு என் அளவு: 250 கிராம் கோதுமை மாவு, 30 கிராம் பன்றிக் கொழுப்பு, கொஞ்சம் சீனி, கொக்கோ, கறுவா, ஒரு கரண்டி வினாகிரி, பிசையத் தேவையான அளவு மர்சாலா என்ற சிசிலி வைன். ஒரு மணி நேரமாவது மூடி வைத்து, பாஸ்தா மெஷினில் மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். 175 டிகிரி எண்ணெயில் போட்டதும் மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதுதான் நல்ல ஓட்டின் அடையாளம். எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் (oven) சுட்டால் அந்தக் கொப்புளங்கள் வராது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம் கிரீமுக்கான ரிக்கோத்தா என்ற மென்மையான பாற்கட்டி. செம்மறி ஆட்டுப் பாலில் செய்ததுதான் வேண்டும். மாட்டுப் பால் ரிக்கோத்தாவில் அந்த மணமும் கனமும் இல்லை. இரவு முழுக்க வடிகட்டியில் வைத்துத் தண்ணீரை இறக்கி, சீனி சேர்த்து இன்னும் சில மணி நேரம் குளிரில் வைத்து, பிறகு மெல்லிய சல்லடையில் தேய்த்து எடுங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் கிரீம் ஒழுகும், ஓடு நமுத்துப் போகும். ஓரங்களில் சிசிலியின் புரோந்தே ஊர்ப் பிஸ்தாத் தூளோ பாகில் ஊறிய தோடம்பழத் தோலோ வைக்கலாம்.

கிரீமைச் சாப்பிடும் நேரத்தில்தான் நிரப்ப வேண்டும். வெறும் ஓடுகள் மூடிய டப்பாவில் சில நாள் மொறுமொறுப்பாக இருக்கும் என்பதால், விருந்துக்கு முதல் நாளே பொரித்து வைத்துவிடலாம்.

வாங்கும்போது எட்டுப் பத்துக் குழலாக வாங்குங்கள். சூடான குழலில் அடுத்த மாவைச் சுற்றினால் கொழுப்பு உருகி மாவு தொய்ந்துவிடும்; ஆறும் வரை காத்திருக்க வேண்டி வரும்.