படத்து நந்தினியும் கதை நந்தினியும் ஒரே ஆளா? லூயிஸ், கிரிப்கி ரெண்டு பேரோட பதில்

போன சனிக்கிழமை சிங்கப்பூர் தேக்காவுல டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்ப ஒரு அக்கா, பொன்னியின் செல்வன் படத்துல வர்றது நந்தினியே இல்லன்னு அடிச்சு சொன்னாங்க, நான் இல்லக்கா அதே ஆளுதான்னேன், எம்ஆர்டி ரயில்ல வீடு வர்ற வரைக்கும் அதே யோசனைதான். 'அதே ஆள்'னு எத வச்சு சொல்றது?

தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1978ல சொன்னது, ஒரு கதைய நடந்த சம்பவமா சொல்ற உலகங்கள் (அதாவது நம்ம உலகம் வேற எப்படியெல்லாம் இருந்திருக்கலாமோ அந்த மாதிரி உலகங்கள்) நெறைய இருக்கு, அதுல நம்ம உலகத்துக்கு ரொம்ப நெருக்கமானது எல்லாத்துலயும் எது பொருந்துதோ அதுதான் கதையில உண்மை. எனக்கு இது ரொம்ப புடிச்ச எடம். ஆதித்த கரிகாலன கொன்னது யாருன்னு கல்கி பளிச்சுன்னு சொல்லல இல்லையா, சில உலகத்துல இவரு, சிலதுல அவரு, அதனால கதைக்குள்ள அதுக்கு ஒரே பதில் கெடையாது. ஆனா லூயிஸ் கணக்குல ஒருத்தர் ரெண்டு உலகத்துல இருக்க முடியாது, ஒத்த சாயல்ல வேற ஆள்தான் இருக்கலாம். அப்போ நந்தினி ஒருத்தி இல்ல, ஒரு கூட்டம்!

இன்னொரு தத்துவவாதி சோல் கிரிப்கி நேர் எதிர். பத்தாம் நூற்றாண்டுல அச்சு அசல் அப்படியே ஒரு பொண்ணு வாழ்ந்திருந்தாலும், கல்கிக்கு அவள பத்தி தெரியாதுன்னா அவ நந்தினி கெடையாது. (தற்செயலா பொருந்துனா போதாதுன்னு லூயிஸும் ஒத்துக்குவாரு.) நந்தினிங்கற பாத்திரம் கல்கி 1950லேர்ந்து 1954 வரைக்கும் தொடரா எழுதி உண்டாக்குன ஒன்னு, இதே நம்ம உலகத்துல இருக்கு, ஆனா ரத்தமும் சதையுமா இல்ல. அதனால 'நந்தினி அழகு'ன்னா 'கதைப்படி'ன்னு சேத்துக்கணும். இந்த வெலைய நான் குடுக்கத் தயார். ஏன்னா படத்துல முகம், காட்சி எல்லாம் மாறுனாலும் எடுத்தது கல்கிகிட்டேர்ந்துதானே, சாயல அளந்து பாக்க வேண்டியதே இல்ல. தத்துவவாதி ஏமி தாமசன் 1999ல இன்னும் ஒரு படி போறாங்க, பிரதியும் வாசகரும் மொத்தமா அழிஞ்சா பாத்திரமும் அழிஞ்சுடும்னு. விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்துல தமிழ் அடுக்கு முன்னாடி நிக்கிறப்ப இது நெஞ்சுல தைக்குது.

வந்தியத்தேவன் கேஸ் வேற, குந்தவையோட கணவரா தஞ்சாவூர் கல்வெட்டுல பேரு இருக்கற மனுஷன். அதே மனுஷன் வேற மாதிரி வாழ்ந்திருந்தா என்னன்னு தாராளமா கேக்கலாம், நந்தினின்னு நெஜமா ஒரு ஆளே இல்லாததால அவள பத்தி அப்படி கேக்க முடியாது.

இதையெல்லாம் அக்காவுக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்புனேன். ராத்திரி பதில் வந்துச்சு: "சரிப்பா, அதே ஆளுன்னே வச்சுக்குவோம், புக்குல படிச்சப்ப அழுதேன், தியேட்டர்ல ஏன் அழுகை வரல?" இன்னும் பதில் போடல.