அடர்த்தியான மார்பகம்: நியூக்ளியர் ஸ்கேனா, அல்ட்ராசவுண்டா?

போன வருடம் என் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, ஆனால் அடர்த்தி 'டி' என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தார்கள். அதாவது கொழுப்பு குறைவு, சுரப்பித் திசு அதிகம். படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. கூடுதலாக ஒன்று பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் நான் அல்ட்ராசவுண்டுக்குப் போனேன். அமெரிக்காவில் இருக்கும் அக்கா நியூக்ளியர் ஸ்கேன் எடுத்துக்கொண்டவள், இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கண்டுபிடிக்கும் திறமையில் அக்கா கட்சிதான் ஜெயிக்கும். நியூக்ளியர் ஸ்கேனில் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தைக் கையில் ஏற்றினால் புற்றுநோய்ச் செல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும், அடர்த்தி குறுக்கே நிற்காது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் 2015 ஆய்வில் மேமோகிராம் மட்டும் 1000 பெண்களில் 3 பேருக்குக் கண்டுபிடித்தது, இந்த ஸ்கேனையும் சேர்த்ததும் 12 ஆனது. அல்ட்ராசவுண்ட் 1000க்கு 4 பேரைத்தான் கூட்டுகிறது, வீண் பயமும் தரும். எனக்கே வெறும் நீர்க்கட்டிக்கு ஊசி குத்திப் பார்த்தார்கள்.

சரி, செலவு. மேயோ டாக்டர்களே போட்ட கணக்கில் மேமோகிராம் மட்டும் என்றால் தலைக்கு 176 டாலராக இருந்தது, நியூக்ளியர் ஸ்கேனும் சேர்ந்தால் 571 ஆகிறது, ஆனால் ஒரு புற்றுநோயைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு 55,851 டாலரிலிருந்து 47,597 ஆகக் குறைகிறது. அக்கா இதைத்தான் நீட்டுவாள். ஆனால் அது ஒரே ஒரு தடவைக்கான கணக்கு. முதல் தடவை பார்க்கும்போது பல வருடமாக ஒளிந்திருந்ததும் சேர்ந்து மாட்டும், அடுத்தடுத்த தடவை அவ்வளவு மாட்டாது, செலவு மட்டும் அப்படியே இருக்கும்.

அந்தச் செலவு ஏன் இறங்காது என்றால், மருந்தை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. டெக்னீஷியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதைக் கறந்தெடுக்கும் 'ஜெனரேட்டர்' என்ற சின்னக் கருவிக்குள் இருக்கும் மாலிப்டினம்தான் சிதைந்து டெக்னீஷியமாகிறது; அதுவும் 66 மணி நேரத்தில் பாதி, ஒரு வாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் காசு கரைந்துகொண்டே இருக்கும். இதயம், எலும்பு ஸ்கேன் என்று நாள் முழுக்கக் கூட்டம் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு இது கட்டும். மார்பகத்துக்கென்று மட்டும் தனி கேமரா வாங்கி வைக்கிற சின்ன சென்டருக்கு எப்படிக் கட்டும்? போதாக்குறைக்கு மாலிப்டினம் வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய அணு உலைகளிலிருந்து. 2009இல் கனடாவின் சாக் ரிவர் உலை நின்றபோது உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. அல்ட்ராசவுண்ட் மெஷினுக்கு ஜெல்லும் கரண்டும் போதும், அப்புறம் கதிர்வீச்சும் இல்லை.

அல்ட்ராசவுண்டில் எல்லாம் பார்க்கிறவர் கையில்தான் இருக்கிறது. அதனால் மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அனுபவமுள்ள சோனாலஜிஸ்ட்டிடம் போவேன்.

நான் இதுவரை எடுத்தது இரண்டே தடவை, இரண்டிலும் பயப்பட ஒன்றுமில்லை, அதனால் என் கணக்கு சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் ஆபத்தை மிகவும் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருந்தால் இந்தச் சண்டையையே விட்டுவிட்டு எம்ஆர்ஐ பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.