மகளுக்கு எந்த ஜெர்சி: மும்பையா, பெங்களூரா, டெல்லியா, பெர்த்தா?

மலேசியாவின் பந்திங்கில், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மகளுக்கு ஒரு மஞ்சள் ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன். முப்பது வெள்ளி, முதுகில் 7. வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அப்புறம் கேட்டாள்: "அப்பா, சிஎஸ்கேல அக்காங்க டீம் எப்ப விளையாடும்?"

சென்னைக்குப் பெண்கள் அணி இல்லை. ஆண்கள் ஐபிஎல் கோப்பையை ஐந்து முறை தூக்கியிருக்கிறார்கள். ஆனால் 2023 மார்ச்சில் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியபோது களமிறங்கிய ஐந்து அணிகள் மும்பை, பெங்களூரு, டெல்லி, குஜராத், உத்தரப் பிரதேசம். இதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "இன்னும் வரலம்மா" என்றேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

வாரத்தில் இரண்டு மாலை தோட்டத் திடலில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக் கொடுக்கிறேன். டென்னிஸ் பந்தில் கறுப்பு டேப் சுற்றித்தான் ஆட்டம். பந்து வேலியைத் தாண்டினால் செம்பனை மரத்தடியில் தேட வேண்டும், குலை வெட்டிப் போட்ட மட்டைக் குவியலுக்குள் போய்விட்டால் கிடைக்காது. காற்பந்துக்கு வருகிற கூட்டம் எங்களுக்கு வராது. ஆனால் பெண்பிள்ளைகள் வருகிறார்கள், விடாமல் வருகிறார்கள். பின்தொடர அவர்களுக்கும் ஓர் அணி வேண்டும். அண்ணனும் தங்கையும் ஒரே பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும், அந்தப் பெயரில் இரண்டு பேருக்கும் ஆள் இருக்க வேண்டும். அப்படி இருக்கும் அணிகளைத்தான் எடுத்து வைத்துப் பார்த்தேன்.

முதலில் கடிகாரத்தைச் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் பாதி முடிவை அதுதான் எடுக்கிறது. இந்தியாவில் இரவு 7.30 என்றால் நமக்குப் பத்து மணி. ஆட்டம் முடிய ஒன்றரை ஆகிவிடும். காலையில் பள்ளி வேன் ஆறரைக்கு வாசலில் நிற்கும். இந்த விஷயத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் ஸ்கார்ச்சர்ஸ் அணியை யாரும் அடிக்க முடியாது. பெர்த்தும் மலேசியாவும் ஒரே நேரம், ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. சிட்னியில் நடக்கும் ஆட்டமென்றால் அங்கே மாலை ஏழு, இங்கே நான்கு. பள்ளி முடிந்து வந்து குளித்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் மகளிர் பிக் பாஷ் லீக் 2015-16இலேயே தொடங்கிவிட்டது. எட்டு கிளப், எட்டுக்கும் ஆண்கள், பெண்கள் என்று இரண்டு அணி. 2021-22இல் பெர்த் இரண்டு கோப்பையையும் வென்றது: பெண்களுக்கு சோஃபி டிவைன் கேப்டன், ஆண்களுக்கு ஆஷ்டன் டர்னர். அதற்கும் முன்னால், 2016 ஜனவரி 24 அன்று, மெல்பர்ன் மைதானத்தில் ஒரே நாளில் இரண்டு இறுதி ஆட்டமும் நடந்து, சிட்னி தண்டர் இரண்டையுமே வென்றது. ஒரே பெயர், ஒரே நாள், இரண்டு கோப்பை. அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் 2019-20 முதல் மகளிர் பிக் பாஷுக்குத் தனிப் பருவம் ஒதுக்கிவிட்டார்கள். பெண்களுக்கு அது நல்லதுதான், ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் போடும் துணை ஆட்டமாக இல்லாமல் தனியாக நிற்கிறது. ஆனால் என் வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே வாரத்தில் ஒரே அணியைப் பார்க்க முடியாது. இன்னொன்றும் உண்டு. பெர்த் அணியைப் பார்த்து "இவங்க நம்மள மாதிரி இருக்காங்க" என்று என் மகள் சொல்ல மாட்டாள். அதைச் சின்ன விஷயம் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

இங்கிலாந்தின் நூறு பந்துத் தொடரான 'தி ஹண்ட்ரட்' இந்த ஒரே பெயர் விஷயத்தை இன்னும் நேர்த்தியாகச் செய்தது. 2021 ஜூலை 21 அன்று போட்டித்தொடரின் முதல் ஆட்டமே பெண்கள் ஆட்டம், ஓவல் மைதானத்தில். ஆண்கள் அடுத்துத்தான் வந்தார்கள். பரிசுப் பணமும் தொடக்கத்திலிருந்தே இருவருக்கும் சமம். ஓவல் இன்வின்சிபிள்ஸ் அணியின் பெண்கள் முதல் இரண்டு ஆண்டும் வென்றார்கள், ஆண்கள் 2023 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டு. 2025இல் பெண்கள் கோப்பையை வென்ற லீட்ஸ் அணியை நம் வீடுகளில் தெரிந்த சன் குழுமம் முழுவதுமாக வாங்கியிருக்கிறது. ஐபிஎல்லில் அவர்களுடைய ஹைதராபாத்துக்குப் பெண்கள் அணி இல்லை, லீட்ஸில் இருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் மாலை ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். எங்கள் ஊருக்கு அது ஒத்துவராது.

குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆண்கள், பெண்கள் அணிக்கு ஒரே பெயர் இல்லை. மீதி இருப்பது மும்பை, பெங்களூரு, டெல்லி. மனம் இழுபறியானது இங்கேதான்.

பெங்களூரை முதலில் நான் அவ்வளவாக மதிக்கவில்லை. பிறகு 2024ஐத் திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் பதினாறு பருவம் ஆடியும் கோப்பை இல்லாத அணி. பெண்கள் இரண்டாவது பருவத்திலேயே, மார்ச் 17 அன்று டெல்லியில், டெல்லியையே தோற்கடித்துக் கோப்பையை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து பெங்களூரின் சின்னசாமி மைதானத்தில் ஆண்கள் அணி இரண்டு வரிசையாக நின்று, கை தட்டி, நடுவில் கேப்டன் ஸ்மிருதி மந்தனாவையும் மற்றவர்களையும் கோப்பையோடு நடக்க விட்டது. அந்தக் காட்சியைக் கைப்பேசியில் எங்கள் பெண்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். யாரும் பேசவில்லை. ஒருத்தி மட்டும், "இன்னொரு தடவை போடுங்க அங்கிள்" என்றாள். ஆண்களுக்கு முதல் கோப்பை 2025இல்தான், பதினெட்டாவது பருவத்தில்.

ஆஷா சோபனாவும் அப்போது பெங்களூரு அணியில்தான் ஆடினார். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த லெக் ஸ்பின்னர், 2024இல் வயது 32. உத்தரப் பிரதேச அணிக்கு எதிராக 22 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். இந்த லீக்கில் ஓர் இந்திய வீராங்கனை ஐந்து விக்கெட் எடுத்தது அதுதான் முதல் முறை. ஒரே ஓவரில் மூன்று விக்கெட், ஆட்டமே அங்கே திரும்பியது. வயதாகிவிட்டது என்று பெண்பிள்ளைகளைச் சீக்கிரமே ஓரங்கட்டும் ஊர்களில் அந்த 32 என்ற எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய நாள், அதே சின்னசாமி மைதானத்தில், மும்பைக்காக சஜனா ஆடிய ஆட்டம். வயநாடு மானந்தவாடிப் பெண், குறிச்சியர் பழங்குடி, அப்பா ஆட்டோ ஓட்டியவர். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும். லீக்கில் அவர் சந்தித்த முதல் பந்தே அதுதான். இறங்கி வந்து சிக்ஸர்.

எங்கள் பிள்ளைகளுக்கு மும்பை நெருக்கமானது இன்னொரு பிள்ளையால். 2025இல் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் டி20 உலகக் கோப்பை நம் நாட்டில்தான் நடந்தது. பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, பாயுமாஸ் ஓவலில் இறுதி ஆட்டம். கிள்ளான் பண்டமாரான் பக்கம் என்பதால் வேன் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். இந்தியாவுக்குத் தொடக்க ஆட்டக்காரர் ஜி. கமலினி. மதுரைப் பிள்ளை, இடது கை, வயது 16. இரண்டு நாளுக்கு முன் இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 56 அடித்திருந்தது. இறுதி ஆட்டத்தில் 8 ரன்தான், ஆனாலும் தென்னாப்பிரிக்கா 82இல் சுருண்டதால் இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் எளிதாக வென்றது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மட்டையை எப்படித் தட்டுகிறது, காலை எங்கே வைக்கிறது என்று என் மகள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவளும் இடது கை. அவள் வலது கைக்கு மாற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த உறவினர்கள் அன்றோடு நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பிள்ளையை மும்பை முந்திய டிசம்பரிலேயே ஏலத்தில் எடுத்துவிட்டது. அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். மும்பையும் டெல்லியும் மாறி மாறிக் கேட்டு 1.60 கோடியில் முடிந்தது. பண்டமாரானில் பார்த்த பத்தொன்பதாம் நாள், பிப்ரவரி 21, பெங்களூருக்கு எதிராக, பெங்களூரு ரசிகர்கள் நிறைந்த சின்னசாமியில், கடைசி ஓவரில் வெற்றி ரன்னை அடித்ததும் கமலினிதான். எங்கள் பிள்ளைகளைப் பார்த்திருக்க வேண்டும். ஆட்டத்தை மறுநாள் பாலாய் ராயா பொது மண்டபத்தில் போட்டுக் காட்டினேன். முடிவு ஏற்கெனவே தெரியும், இருந்தும் நாற்காலியில் ஒருத்தியும் உட்காரவில்லை. அந்த ஆண்டு கோப்பையும் மும்பைக்கே, 2023க்குப் பிறகு இரண்டாவது. அடுத்த ஏலத்துக்கு முன் மும்பை விடாமல் தக்கவைத்துக்கொண்ட ஐந்து பேரில் கமலினியும் ஒருவர்.

டெல்லியை விட்டுவிட்டால் அநியாயம். 2023, 2024, 2025 மூன்று இறுதி ஆட்டத்திலும் தோற்ற அணி என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் மலேசியப் பிள்ளைகளுக்கு வேறொன்று முக்கியம். இந்த லீக்கில் நான்கு வெளிநாட்டவர்தான் ஆடலாம், ஐந்தாவதாக ஒருவர் வேண்டுமென்றால் அவர் டெஸ்ட் தகுதி இல்லாத 'அசோசியேட்' நாட்டிலிருந்து வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். மலேசியா அசோசியேட் நாடு. அந்த இடத்தை 2023இல் டெல்லி பயன்படுத்தியது: அமெரிக்காவின் தாரா நோரிஸ் பெங்களூருக்கு எதிராக ஐந்து விக்கெட் எடுத்தார், லீக் வரலாற்றிலேயே முதல் ஐந்து விக்கெட். 2025இல் ஸ்காட்லாந்தின் சாரா பிரைஸையும் டெல்லிதான் எடுத்தது. கமலினி போகும் வழியில் எங்கள் பிள்ளைகள் போக முடியாது, அது இந்தியப் பிள்ளைகளுக்கானது. எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது இந்த வாசல். நம் நாட்டு மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய வினிஃப்ரெட் துரைசிங்கம் பெயரை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். துரைசிங்கம் என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதே உலகக் கோப்பையில் மலேசியா இந்தியாவிடம் 31 ரன்னில் சுருண்டதையும் மறைக்கவில்லை. வைஷ்ணவி சர்மா ஹாட்ரிக்கோடு 5 ரன்னுக்கு 5 விக்கெட். வாசல் இருக்கிறது, தூரமும் இருக்கிறது.

பணத்தில் இந்த மூன்று அணிக்கும் வித்தியாசம் இல்லை, குறை எல்லாருக்கும் பொது. 2025இல் ஆண்கள் அணிக்குச் செலவழிக்க 120 கோடி, பெண்கள் அணிக்கு 15 கோடி. எட்டில் ஒரு பங்கு. பெங்களூரில் கோலிக்கு 21 கோடி, மந்தனாவுக்கு 3.40 கோடி. இதை மூத்த பிள்ளைகளிடம் கணக்குப் போட்டே காட்டினேன்.

ஆக, பதினைந்து வயதைத் தாண்டிய, தேசிய அணியை நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் டெல்லியைச் சொல்வேன். வார நாளில் நேரடியாகப் பார்க்க, தீபாவளியை ஒட்டி வரும் மாலைகளில், பெர்த். மரியாதை என்றால் பெங்களூருதான். என் மகளுக்கு மும்பை. தேடிப் போய்ப் பார்க்கிற கண் அந்த அணிக்கு இருக்கிறது. மதுரையிலிருந்தும் மானந்தவாடியிலிருந்தும் ஆள் எடுத்திருக்கிறார்கள். போன வாரம் கிள்ளானில் நீல ஜெர்சி வாங்கிவிட்டோம்.

மஞ்சளை அவள் தூக்கிப் போடவில்லை, மடித்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறாள். சென்னைக்குப் பெண்கள் அணி வரும்போது அது அவளுக்குச் சின்னதாகியிருக்கும். வரட்டும், அன்றே பாசார் மாலாமுக்குப் போய்ப் புதிது வாங்கித் தருகிறேன்.