ஒரே ஊர், இரண்டு பிளான் அப்ரூவல்: சுயசான்றா, வழக்கமான வழியா?

எங்கள் ஊர் கரூர் பக்கம் ஒரு கிராம ஊராட்சி. அப்பா வெவ்வேறு வருடங்களில் வாங்கிப் போட்ட இரண்டு மனைகளில் 8 சென்ட் அண்ணனுக்கு, 5 சென்ட் எனக்கு என்று செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். சில மாத இடைவெளியில் இருவருமே வீடு கட்ட ஆரம்பித்தோம். அண்ணன் வழக்கமான முறையில் அனுமதி வாங்கினார். நான் சுயசான்றில், அதாவது விவரங்களுக்கு நானே பொறுப்பேற்று, இணையத்தில் வாங்கினேன். இப்போது ஊரில் யார் மனை வாங்கினாலும் "எதுல போறது?" என்று எங்களிடம்தான் கேட்கிறார்கள். நான் சுயசான்றின் பக்கம். ஆனால் ஒரு வேலையை முதலில் முடித்துவிட்டுப் போனால் மட்டும்தான்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுயசான்றுத் திட்டம் 2024 ஜூலை 22 அன்று தொடங்கியது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி கொண்ட குடியிருப்பு என்றால் இதில் போகலாம். ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் ஏற்றி, உறுதிமொழி கொடுத்து, பணம் கட்டினால் கியூஆர் கோடு போட்ட அனுமதி ஆணையைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது. மற்ற கட்டணங்கள் ஊராட்சிக்கு ஊராட்சி வேறுபடும் என்பதால் என் தொகையைச் சொல்லி யாரையும் குழப்ப விரும்பவில்லை. கட்டி முடித்தபின் வாங்கும் பணி முடிவுச் சான்று எங்கள் இருவருக்குமே தேவைப்படவில்லை.

கிராமத்தில் நாம் சென்ட் கணக்கில் பேசுகிறோம், விதியோ சதுர அடியில் பேசுகிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 2,500 சதுர அடி என்பது ஐந்தே முக்கால் சென்டைத் தொடாது. 5 சென்ட் உள்ளே வரும், 6 சென்ட் வராது. அண்ணனின் 8 சென்ட் ஏறத்தாழ 3,485 சதுர அடி என்பதால் அவருக்கு வேறு வழியே இல்லை. இதைப் பார்க்காமல் ஆறு சென்ட்காரர்கள் சிலர் சுயசான்றுக்குப் படம் வரைந்து, என்ஜினீயருக்குப் பணமும் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

இன்னொன்று, இரண்டு வழிக்கும் பொது. மனை அங்கீகாரம் பெற்றதாகவோ வரன்முறைப்படுத்தப்பட்டதாகவோ இருக்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குள் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தபோதே அப்பா இரண்டுக்கும் பணம் கட்டி ஆணை வாங்கி வைத்துவிட்டார். அன்று அவர் அலைந்த அலைச்சலின் பலனை இன்று நாங்கள் அனுபவிக்கிறோம்.

அண்ணனின் வழி மெதுவானது. விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஒருமுறை புகைப்படம் சரியில்லை என்று, இன்னொரு முறை சாலை அகலத்துக்காக. பத்திரத்தில் தெரு 20 அடி என்று இருக்கிறது. நேரில் வந்த ஓவர்சியர் டேப் பிடித்துப் பார்த்தால் ஒரு முனையில் 18 அடிதான். படத்தை மாற்றி வரைந்து மறுபடி ஏற்றினார். கையில் ஆணை வர மூன்று மாதம் ஆனது. கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, மணல் விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த 18 அடியை அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஒருவர் வந்து கண்டுபிடித்துச் சொன்னார் அல்லவா, அதுதான் அந்த வழியின் பெரிய நன்மை என்று நினைக்கிறேன்.

சுயசான்றில் அப்படி யாரும் வந்து பார்ப்பதில்லை. என் மனையைப் பற்றி நான் சொல்வதை நம்பித்தான் அரசு அனுமதி தருகிறது. சொன்னது தவறு என்று பிறகு தெரிந்தால் அனுமதி நிற்காது, அனுமதியில்லாத கட்டடத்துக்கு 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி என்ன நடவடிக்கையோ அது நம் மேல் வரும். அதற்குள் சுவர் எழும்பியிருக்கும், வங்கிக் கடனுக்குத் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும். வேகம் வேண்டும் என்றால் பொறுப்பையும் நாம்தான் சுமக்க வேண்டும். அதனால்தான் நில அளவை வேலையை முதலில் முடியுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் பத்திரத்தில் 5 சென்ட், 33 அடிக்கு 66 அடி, 2,178 சதுர அடி. பட்டாவில் 2 ஏர், அதாவது 2,153 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த 25 சதுர அடி வித்தியாசம் பெரிதில்லை, குறைந்த அளவையே வைத்துக்கொள்ளலாம் என்றார் என்ஜினீயர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எஃப் லைன், அதாவது மனையின் எல்லைக் கோடு, அளக்க இணையத்திலேயே பணம் கட்டி விண்ணப்பித்தேன். பக்கத்து மனைக்காரர்களுக்கும் நோட்டீஸ் போய், சர்வேயர் வந்து சேர ஐந்து வாரம் ஆனது.

நான் வேலிக்கு வேலி டேப் பிடித்து 33 அடி வருகிறதா என்று பார்க்கப் போனேன். சர்வேயர் தடுத்தார். "தம்பி, வேலியை வச்சு அளக்காதீங்க, கல்லை வச்சு அளங்க." புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, பார்த்துப் பார்த்து வடமேற்கு மூலைக்குப் போனவர், வேப்பமரத்தடியில் கடப்பாரையால் லேசாகக் கிளறச் சொன்னார். அரை அடி ஆழத்தில் வேர் சுற்றிய அளவுக்கல் இருந்தது. அங்கிருந்து பிடித்தால் 33 அடி சரியாக வருகிறது. ஆனால் பின்பக்கம் ஒரு இருபது அடி நீளத்துக்கு, பக்கத்து வீட்டு மாமாவின் வேலி ஒன்றரை அடி எங்கள் பக்கம் வந்திருக்கிறது.

மாமா சண்டைக்கு வரவில்லை. "உங்க அப்பா இருக்கும்போதே வேலி அங்கதானேப்பா இருக்கு" என்றார். உண்மைதான், முப்பது வருட முள்வேலி அது. நான் போட்டிருந்த படத்தில் வீட்டின் அகலம் 25 அடி, இருபுறமும் நான்கு அடி காலி. வேலியை அசைக்க முடியாமல் போனால் அந்தப் பக்கம் இரண்டரை அடிதான் மிஞ்சும். படத்தில் நான்கு அடி என்று காட்டி, கீழே உறுதிமொழியும் கொடுத்துவிட்டு, தரையில் இரண்டரை அடியோடு எப்படி நிற்பது? அகலத்தில் ஒன்றரை அடியைக் குறைத்து, நீளத்தில் மூன்றடி கூட்டினோம். 25-க்கு 46 என்பது இருபத்து மூன்றரைக்கு 49 ஆனது. பரப்பு ஏறத்தாழ அதே 1,150 சதுர அடிதான். ஹால் கொஞ்சம் ஒடுங்கியது, பின்கட்டு நீண்டது. இதெல்லாம் பென்சிலும் ரப்பரும் போதுமாயிருந்த நேரத்தில் முடிந்தது.

அப்புறம்தான் இணையத்தில் ஏற்றினோம். மதியம் உட்கார்ந்து, அன்று மாலையே ஆணையை எடுத்துவிட்டேன். கணக்குப் பார்த்தால் அண்ணனுக்கு மூன்று மாதம், எனக்கு அந்த ஐந்து வாரத்தோடு சில நாட்கள். காத்திருந்த நாட்கள் எனக்கும் உண்டு. ஆனால் என் நிலத்தின் நிஜ அளவைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த நாட்கள் போயின, ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரிப்பதில் போகவில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

வங்கி விஷயத்தில் என் அனுபவம் ஒரே ஒரு வங்கியோடு சரி. சுயசான்று ஆணையைத் தயக்கமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். மதிப்பீட்டாளர் வந்தபோது மட்டும் அந்த வேலியைக் காட்டிக் கேட்டார். சர்வேயரின் வரைபடத்தைக் கொடுத்தேன், அதோடு முடிந்தது. வேறு வங்கியில் எழுதுவதாக இருந்தால், பணம் கட்டும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நத்தம் மனைக்கும், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென விட்ட நிலத்து மனைக்கும், நான் சொன்னதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம், எங்களுடையது இரண்டும் புஞ்சையில் வந்த மனைகள்.

சரி, சுயசான்றுத் தகுதி இருந்தும் வழக்கமான வழியில் யார் போகலாம்? பக்கத்து மனைக்காரரோடு எல்லைத் தகராறு இருப்பவர்களும், உள்ளூரில் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து போனில் வீடு கட்டுபவர்களும். அளந்ததைத் தன் கண்ணால் பார்க்க முடியாதவர், நானே பொறுப்பு என்று உறுதிமொழி கொடுக்காமல் இருப்பது நல்லது. அவர்களுக்கு அந்த மூன்று மாதம் வீண் இல்லை.

மாடிக்கு என்று தூண்களை இப்போதே கனமாகப் போட்டு வைத்திருக்கிறேன். கட்டும்போது மறுபடி அனுமதி வாங்க வேண்டும், அதைச் சுயசான்றில்தான் வாங்குவேன். அந்த வேப்பமரத்தடிக் கல்லைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, சிமெண்டு கட்டி, வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வீட்டோடு சேர்த்து அதற்கும் வெள்ளை அடிக்கிறோம்.