லெட்டர்பிரஸ் படம் என்று சொல்லி 6,500 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள், யாரும் சிக்காதீர்கள்

பார்சல் நேற்றுதான் வந்தது. ஆறப்போட்டால் பாதி மறந்துவிடும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்துக் கைவினைப் படங்கள் விற்கும் ஒரு கடை. நெடுந்தூர நடைப்பயணங்களை லெட்டர்பிரஸ்ஸில், அதாவது ஈய எழுத்தைக் கோர்த்து, மை தடவி, தாளில் அழுத்தி எடுக்கும் பழைய அச்சு முறையில், கையால் அடித்துத் தருகிறோம் என்று விளம்பரம். அதில் ஒன்று நம்ம சிவாலய ஓட்டம், சிவராத்திரிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிவன் கோயில்கள் பன்னிரண்டுக்கும் ஓடிப்போய்க் கும்பிடுவது. முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயில்களும் வழியும், ஓரத்தில் ஓலை விசிறியோடு ஓடுகிறவர்களும். விலை 6,500 ரூபாய். என் அப்பா வருஷா வருஷம் காவி கட்டி, "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு அந்த வழி முழுக்க ஓடியவர். முட்டு தேய்ந்த பிறகு போக முடியவில்லை. அதோடு, நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டராக இருந்தவர். சிவராத்திரிக்கு அவர் கையில் கொடுக்க வேறென்ன வேண்டும்?

நம்ப வைத்தது அந்த வீடியோ. டிரெடில் அச்சு மெஷின் மூடித் திறக்கிறது, தாளை எடுத்து விரலால் தடவிக் காட்டுகிறான், எழுத்து அழுந்திப் பள்ளமாகத் தெரிகிறது. "திருமலை", "பொன்மனை" இரண்டிலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லையும் னையும், யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்து. "எல்லாம் பழைய ஈய எழுத்துக்கா. ஒவ்வொண்ணா கையால கோர்த்து, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா அடிக்கோம். அம்பதே காப்பிதான்" என்று நம்ம ஊர்ப் பேச்சிலேயே சொன்னான். அப்பா கம்பாசிட்டர் என்றதும், "அப்போ அப்பாக்கு நல்லதா பாத்து நானே எடுத்து அனுப்புதேன்" என்றான். அந்த வார்த்தையை நம்பித்தான் 6,500 ரூபாயையும் யுபிஐயில் முன்கூட்டியே போட்டேன்.

அப்பா படத்தைப் பிரித்ததும் முதலில் திருப்பி, பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். ஒரு தடம் இல்லை. "இது அடிச்சதில்ல மக்களே, பிரிண்டர்ல எடுத்தது" என்றார். லென்ஸை வைத்துப் பார்த்தால் காவி நிற எழுத்து முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். ஈய எழுத்தில் காவி வேண்டுமென்றால் மையையே அந்த நிறத்துக்குக் குழைத்து அடிப்பார்கள், புள்ளி வர வேலையே இல்லை. லையும் னையும் இப்போதைய கம்ப்யூட்டர் எழுத்து. ஐம்பதில் பன்னிரண்டாவது காப்பி என்று காட்டும் "12/50" என்பதுகூட பென்சிலால் எழுதியதல்ல, படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. அப்படியானால் வாங்கிய எல்லாருக்கும் அதே 12தானே? ஆறாவதான பன்னிப்பாகமும் பதினொன்றாவதான திருப்பன்றிக்கோடும் வேறு இடம் மாறிக் கிடக்கின்றன. ஓடிய மனுஷனுக்குக் கொடுக்கிற படத்தில்!

கேட்டதற்கு முதலில், "லேசா அழுத்துறதுதான்க்கா இப்ப டிரெண்டு." லென்ஸில் எடுத்த போட்டோவை அனுப்பினேன். "கையால செஞ்ச பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." அப்புறம், "ஓனர் வெளியூர்ல இருக்காரு." கடைசியில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தைப் பற்றித் தளத்தில் புகார் கொடுத்தால் விதிமீறல் ஏதுமில்லை என்று பதில். வங்கியில், "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்க, பொருளும் வந்திருக்கு, நாங்க என்ன செய்ய?" 6,500 ரூபாய்க்கு யாருமே பொறுப்பில்லையா? 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், விடப்போவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. முழுப் பணத்தை முன்னாடி கொடுக்காதீர்கள். வீடியோ காலில் தாளின் பின்பக்கத்தையும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து முன்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். பழைய வீடியோவை அனுப்பினால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பேசியதை எல்லாம் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பிளாக் செய்வதற்கு முன்னால் அவன் அனுப்பியதை எல்லாம் அழித்துவிட்டான்.