2004: போர்ட்டோவா, கிரீஸா, எது பெரிய சம்பவம்?

காரைக்குடி பக்கம் கிரிக்கெட்டும் மஞ்சுவிரட்டும் போக மிச்சம் இருக்குற நேரந்தான் புட்பாலுக்கு. ஆனா அந்த கொஞ்ச பேரும் ஒண்ணா டீக்கடையில உக்காந்துட்டா 2004-ஐ இழுக்காம எந்திரிக்க மாட்டாங்க. அந்த வருஷம் போர்ச்சுகல் கிளப்பு போர்ட்டோ, ஐரோப்பா கிளப்புங்களோட பெரிய கப்பான சாம்பியன்ஸ் லீக்க எடுத்துச்சு, கிரீஸ் ஐரோப்பிய நாடுங்க மோதுற யூரோ கப்ப எடுத்துச்சு, ரெண்டுல எது பெருசுன்னுதான் சண்டை. எங்க செட்டுல மூத்தவர் ஒரு அண்ணன், போர்ட்டோ கட்சி. நான் கிரீஸ் கட்சி.

மொதல்ல போர்ட்டோ. மே 26, ஜெர்மனில கெல்சென்கிர்சன், சாம்பியன்ஸ் லீக் பைனல், மொனாக்கோவ 3-0ன்னு தூக்கி போட்டாங்க. கார்லோஸ் ஆல்பர்ட்டோ, டெக்கோ, அலெனிச்செவ் ஆளுக்கொரு கோல். பணக்கார கிளப்புங்க நடுவுல ஒரு போர்ச்சுகல் டீம் கப்பு தூக்குனது பெரிய விஷயந்தான், யாரும் இல்லங்கல. ஆனா "திடீர்னு வந்தாங்க"ன்னு அண்ணன் சொல்றப்பதான் எனக்கு ஏத்துக்க முடியல. அதுக்கு மொத வருஷமே செல்டிக்க 3-2ன்னு ஜெயிச்சு ஐரோப்பாவோட ரெண்டாவது கிளப் கப்பான யூஇஎப்ஏ கப்பு எடுத்த டீம் அது, 1987-ல பேயர்ன ஜெயிச்சு ஐரோப்பிய கப்பே (சாம்பியன்ஸ் லீக்கோட பழைய பேரு) எடுத்திருக்காங்க. கோச் மொரீன்யோ ரெண்டு சீசனா செதுக்குன டீமு.

மான்செஸ்டர் யுனைடெட்டோட சொந்த கிரவுண்டு ஓல்ட் டிராஃபோர்டுல நடந்த மேட்ச்ச எடுத்துக்கங்க. ரெண்டு மேட்ச் மோதல்ல போர்ட்டோ ஊருல நடந்த மொத லெக் 2-1 போர்ட்டோ ஜெயிச்சாச்சு, ரெண்டாவதுல யுனைடெட்டோட ஸ்கோல்ஸ் ஒரு கோல் போட்டுட்டாரு, அப்புறம் இன்னொண்ணும் போட்டாரு, அத ஆஃப்சைடுன்னு கொடியத் தூக்கிட்டாங்க, ரீப்ளேல பாத்தா ஆஃப்சைடே இல்ல. அந்த 1-0 அப்படியே நின்னிருந்தாலே, மொத்தம் சமமானா எதிராளி கிரவுண்டுல கூட கோல் போட்டவங்க ஜெயிச்சதா வச்ச அப்போதைய அவே கோல் கணக்குல யுனைடெட் உள்ள போயிருக்கும். 90-வது நிமிஷம் போர்ட்டோவோட மெக்கார்த்தி ப்ரீ கிக், யுனைடெட் கீப்பர் ஹோவர்டு தட்டி விட, போர்ட்டோவோட காஸ்டின்யா உள்ள தள்ளிட்டாரு. கோட்டு பறக்க மொரீன்யோ லைன் ஓரமா ஓடுன ஓட்டம் அப்பதான். அதுக்கப்புறம் ரூட்டு கிளியர்: ரியல் மாட்ரிட்ட மொனாக்கோ அனுப்பிருச்சு, மிலன டெப்போர்ட்டிவோ 4-0ன்னு முடிச்சுருச்சு, ஆர்சனல செல்சி பாத்துக்கிச்சு. போர்ட்டோவுக்கு வந்தது லியோன், டெப்போர்ட்டிவோ, மொனாக்கோ.

இப்ப கிரீஸ். அதுவரைக்கும் பெரிய போட்டில ஒரு மேட்ச் கூட ஜெயிச்சதில்ல. 1994 உலகக்கோப்பைல மூணு மேட்ச், பத்து கோல் வாங்குனாங்க, போட்டது சைபர். அங்க கோச்சா வந்தவரு ஓட்டோ ரெஹாகல், 1998-ல அப்பதான் மேல ஏறி வந்த கைசர்ஸ்லாடர்ன அதே சீசன்ல ஜெர்மன் சாம்பியன் ஆக்குன ஆளு.

கிரீஸ் ஆட்டம் போரடிக்கும், டிஃபென்ஸ் மட்டும்தான்னு அண்ணன் ஆரம்பிச்சிருவாரு. போருதான், ஒத்துக்குறேன். ஆனா நம்ம ஊரு வீட்டுக்குள்ள போற மாதிரிண்ணே அது, முகப்பு தாண்டுனா வளவு, வளவு தாண்டுனா ரெண்டாங்கட்டு, கடைசில பாத்தா கிணத்தடிக்கு வந்து நிப்பீங்க, கோலு எங்கன்னு தெரியாது. பிரான்ஸோட ஹென்றி போன பக்கமெல்லாம் கிரீஸோட செய்தாரிடிஸ் ஒட்டிக்கிட்டே திரிஞ்சாரு. நாக்கவுட்ல பிரான்ஸ், செக், போர்ச்சுகல், மூணுமே 1-0, மூணு கோலும் தலையால முட்டுனது.

லக்கும் இருந்துச்சு. குரூப் மேட்ச்ல ரஷ்யாகிட்ட 2-1 தோத்தும் நாக்கவுட்டுக்கு உள்ள போனாங்க, ஸ்பெயினும் இவங்களும் நாலு பாயிண்டு, கோல் வித்தியாசமும் சமம், இவங்க போட்டது நாலு கோல், ஸ்பெயின் ரெண்டு. செக் மேட்ச்ல ரொசிட்ஸ்கி அடிச்சது பாருல பட்டுச்சு, நெட்வெட் காயத்துல பாதியிலேயே வெளிய போயிட்டாரு.

ஆனா அண்ணன் வாய அடைக்க எங்கிட்ட ஒரு பாயிண்டு இருக்கு. யூரோ மொத மேட்ச், போர்ச்சுகலுக்கும் கிரீஸுக்கும், நடந்ததே போர்ட்டோவோட சொந்த கிரவுண்டு டிராகாவுல. 7-வது நிமிஷம் போர்ட்டோக்காரரு பாலோ ஃபெரெய்ரா பாஸ தப்பா விட்டாரு, கராகூனிஸ் தூக்கிட்டு போயி கோல். 2-1 கிரீஸ். போர்ச்சுகல் கோச் ஸ்கோலாரி பயந்து போயி அடுத்த மேட்ச்ல கார்வால்யோ, நூனோ வலென்ட்டே, டெக்கோன்னு போர்ட்டோ ஆளுங்களா மொதல்லயே எறக்குனாரு. பைனல்ல அந்த மூணு பேரோட காஸ்டின்யா, மனீஷ்னு சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்ச அஞ்சு பேரு ஆரம்பத்துலயே கிரவுண்டுல, நம்ம ஊருல ராத்திரி 12.15, பாசினாஸ் கார்னர், கரிஸ்டியாஸ் தலை, 57-வது நிமிஷம், முடிஞ்சது. 19 வயசு ரொனால்டோ அழுத அழுகைய டிவில எல்லாரும் பாத்தோம். அதாவது போர்ட்டோவோட பாதி டீம், கூட ஃபிகோ, ரொனால்டோ, சொந்த நாடு, சொந்த கூட்டம், இம்புட்டும் சேந்து ரெண்டு தடவ தோத்துருக்கு. அப்ப எதுண்ணே பெரிய சம்பவம்?

ஆட்டம்னு பாத்தா போர்ட்டோதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. டெக்கோ பால தொட்டாலே அழகு. புதுசா பாக்குறவங்க ஓல்ட் டிராஃபோர்டு மேட்ச்சையும் கிரீஸ்-செக் செமியையும் பாருங்க, பைனல் ரெண்டும் ஹைலைட்ஸ் போதும்.

நடுவுல ஒரு மாப்ள எப்பவும் ஒன்ஸ் கால்டாஸ்னு கொளுத்திப் போடுவான். அதே வருஷம் போக்கா ஜூனியர்ஸ பெனால்டில ஜெயிச்சு, தென் அமெரிக்கா கிளப்புங்களோட பெரிய கப்பான லிபர்ட்டடோரஸ் எடுத்த கொலம்பியா டீம். அவன் சொல்றதும் லேசுப்பட்டதில்ல. டிசம்பர்ல ஜப்பான்ல யோக்கோஹாமால, ஐரோப்பா சாம்பியனும் தென் அமெரிக்கா சாம்பியனும் மோதுற மேட்ச்ல போர்ட்டோவும் அவங்களும் மோதுனப்போ 0-0, பெனால்டி 8-7 வரைக்கும் இழுத்து போர்ட்டோ தப்பிச்சுது. ஆனா அந்த மேட்ச்ச முழுசா பாத்தவன் எங்க செட்டுல எவனும் இல்ல, கொளுத்திப் போட்ட மாப்ளையும் சேத்துத்தான்.