ரேக்கில் எடிட்டிங் மிஷின்: புது 4யூ கேஸா, பழைய சர்வரா, படுக்க வைத்த வொர்க்ஸ்டேஷனா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துக் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களில் இப்போது ஒரே மிஷின் இரண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. முகூர்த்தத்தன்று மண்டபத்தில் நான்கு கேமராவை வாங்கி லைவ் ஓட்ட வேண்டும். மறுநாள் கடையில் அதிலேயே எடிட்டிங். டவர் கேபினெட்டை அடிக்கடி வண்டியில் ஏற்றி இறக்கினால் கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டில் ஆட்டம் கண்டுவிடும். மிக்சர், யூபிஎஸ்ஸோடு கம்ப்யூட்டரையும் ஒரே ஃபிளைட் கேஸ் (பயணத்துக்கான உறுதியான பெட்டி) ரேக்கில் ஏற்றுவதுதான் சரி. சிக்கனமாகச் செய்ய மூன்று வழி உண்டு: பழைய 2யூ சர்வர் (யூ என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு), ரேக் தட்டில் படுக்க வைத்த பழைய வொர்க்ஸ்டேஷன், 4யூ கேஸில் நாமே கட்டுவது. எங்கள் ஸ்டுடியோவில் ஓடுவது மூன்றாவது. அதைத்தான் பரிந்துரைக்கவும் செய்கிறோம்.

சர்வரில் ஆசை வருவது இயல்பு. டெல் பவர்எட்ஜ் ஆர்730-ல் இரண்டு ஜியான் (இன்டெல்லின் சர்வர் ப்ராசசர்), 24 ராம் ஸ்லாட். கேட்கும் விலைக்கு அவ்வளவு இரும்பு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அதன் ஆழம் ஏறக்குறைய 70 செமீ. நம்மவர்கள் வைத்திருக்கும் ஃபிளைட் கேஸ்கள் பெரும்பாலும் 45 முதல் 60 செமீ. உள்ளே 6 சின்ன விசிறிகள். டெல் சாராத கார்டு ஒன்றைச் செருகினால் சர்வர் அதன் சூட்டை அறிய முடியாமல் விசிறிகளை வேகமாகச் சுழற்றும். மணமேடைக்கு அருகே அந்தச் சத்தம் மைக்கில் ஏறும். கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனி ரைசர் (கார்டைச் செருகும் துணைப் பலகை), தனி பவர் கேபிள், உயரம் குறைந்த ஹீட்சிங்க் எல்லாம் தேடி வாங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் ப்ராசசர். ஜியான் இ5-2680 வி4-இல் 14 கோர். இன்டெல் ஐ5-13500-லும் 14 கோர்தான். முன்னது அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ், பின்னது 4.8. அதோடு பழைய ஜியானில் குயிக் சிங்க், அதாவது வீடியோ ஃபைலை வேகமாகப் பிரிக்கும் இன்டெல்லின் உள் வசதி, கிடையாது. சோனி எஃப்எக்ஸ்3 மாதிரி கேமராக்கள் எழுதும், நிற விவரம் அதிகமுள்ள 4:2:2 10 பிட் எச்.265 ஃபைலை என்விடியா ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளின் டிகோடர் பிரிக்காது. ஐ5-13500-இல் உள்ள யூஎச்டி 770 உள்கிராஃபிக்ஸ் பிரிக்கும். டைம்லைனில் கோடு இழுத்தால் படம் கூடவே வருவதும், திக்கித் திக்கி வருவதும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்த ஜியான்கள் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை.

வொர்க்ஸ்டேஷன் விஷயம் சுருக்கமாக. எச்பி இசட்440-ஐப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் உயரம் 16.9 செமீ, அகலம் 43.2 செமீ. 4யூ இடத்தில் தட்டின் மேல் கச்சிதமாக உட்காரும். சத்தம் குறைவு, கட்டுமானமும் உறுதி. கடையை விட்டு நகராத மிஷின் என்றால் இது நல்ல வழியே. ஆனால் ப்ராசசர் குறை சர்வரைப் போலவேதான். பவர் சப்ளையும் போர்டும் எச்பியின் சொந்த வடிவம். அது ஏன் முக்கியம் என்று பின்னால் வருகிறது.

4யூ கேஸ் வாங்கப் போகும்போது டேப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூ 44.45 மிமீ, நான்குக்கு 177.8. தகடு, போர்டு நிற்கும் ஸ்டட் எல்லாம் போக கூலருக்குப் பல கேஸ்களில் 150 மிமீதான் மிஞ்சும், சிலவற்றில் இன்னும் குறைவு. 155, 160 மிமீ டவர் கூலர் போட்டால் மூடி மூடாது. நோக்டுவா என்எச்-யூ9எஸ் 125 மிமீ, தாராளமாக நிற்கும். காசு இடிக்கிறதென்றால் ப்ராசசரோடு வரும் கூலரே போதும். ஆனால் ஐ5-13500 ரெண்டரில் 154 வாட் வரை இழுக்கும். பயாஸில் (மிஷினின் அடிப்படை செட்டிங்) நீண்டநேர மின்வரம்பை 65 வாட்டிலும் குறுகியநேர வரம்பை 100 வாட் அளவிலும் கட்டிவிடுங்கள். ரெண்டர் சற்றுத் தாமதமாகும், மிஷின் கொதிக்காது.

கிராஃபிக்ஸ் கார்டில் நீளத்தை எல்லோரும் பார்ப்பார்கள், மாட்டிக்கொள்வது உயரத்தில். பவர் கேபிள் கார்டின் மேல்விளிம்பில் குத்தி வளைய இன்னும் 35 மிமீயாவது வேண்டும். பின் தகட்டைவிட உயர்ந்து நிற்கும் பெரிய கார்டுகளை விட்டுவிடுங்கள். இரட்டை விசிறி ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 170 வாட், இந்த வேலைக்குப் பொருத்தம். தனிக் கார்டு போட்டதும் சில போர்டுகள் உள்கிராஃபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் அதைத் திரும்ப ஆன் செய்யாவிட்டால் குயிக் சிங்க் வராது. லைவுக்கு நான்கு எஸ்டிஐ (கேமரா வீடியோ கேபிள்) வழியுள்ள டெக்லிங்க் டியோ 2 கேப்சர் கார்டு போடுவதானால் போர்டின் இரண்டாவது நீள ஸ்லாட்டில் உண்மையிலேயே 4 லேன் (டேட்டா பாதை) ஓடுகிறதா என்று மேனுவலில் பாருங்கள். நீளமாக இருந்தும் 1 லேன் மட்டும் தரும் போர்டுகள் உண்டு.

போர்டு படுத்துக் கிடப்பதால் கார்டு நின்றபடி இருக்கும், தன் எடையில் தொங்காது. கார்டை மேலிருந்து ரப்பர் வைத்து அழுத்தும் குறுக்குப்பட்டை உள்ள இண்டஸ்ட்ரியல் கேஸ் கிடைத்தால் விடாதீர்கள். முன்காதுகளின் நான்கு திருகை மட்டும் நம்பி ரேக்கில் மாட்ட வேண்டாம். திருவையாறு ரோட்டில் நான்கு பள்ளத்தில் இறங்கினால் காது வளைந்துவிடும். அடியில் தட்டோ ரெயிலோ கட்டாயம்.

இனி முடிவைத் தீர்மானிக்கும் விஷயம், பராமரிப்பு. இந்த ஊரில் மிஷினைக் கெடுப்பவை மூன்று: தை, மாசி அறுவடையில் பறக்கும் நெல் சுணை, ஐப்பசி, கார்த்திகை ஈரம், பம்ப்செட் ஓடும் நேரத்து லோ வோல்டேஜ். சுணை சாதாரணத் தூசு மாதிரி ஊதினால் போகாது. ஹீட்சிங்க் இடுக்கில் பின்னிக்கொண்டு, ஈரம் பட்டதும் கம்பளி போல் படிந்துவிடும். சர்வரின் நெருக்கமான ஹீட்சிங்க்கில் அதை எடுக்கக் கழற்றியே ஆக வேண்டும். 4யூவில் முன்பக்க ஃபோம் ஃபில்டரை உருவிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை. உள்ளே இழுக்கும் காற்று வெளியேற்றுவதைவிட அதிகமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பின்பக்க இடுக்கு வழியாகத் தூசு நுழையும். காலி ஸ்லாட்டுகளைத் தகடு போட்டு அடையுங்கள், பல்லி புகும் வழி அதுதான்.

முழுச் சுத்தம் ஆடியிலும் மார்கழியிலும். கல்யாணம் இல்லாத மாதங்கள், அவசரமில்லாமல் திறக்கலாம். புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும். மழைக்குப் பின் ஆன் செய்து டிஸ்ப்ளே வராவிட்டால் பதற வேண்டாம். ராமை எடுத்து, தங்கநிறப் பற்களை ஐசோபிரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

பாகமே போய்விட்டால்? முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை பவர் சப்ளை செத்தால், 4யூவில் இருப்பது பொது வடிவமான சாதாரண ஏடிஎக்ஸ். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ கடையில் வாங்கி ராத்திரிக்குள் மாட்டிவிடலாம். 120 மிமீ விசிறியும் அப்படியே. இசட்440-இன் பவர் சப்ளையையோ ஆர்730-இன் விசிறியையோ வெளியூரிலிருந்து கூரியரில்தான் எதிர்பார்க்க வேண்டும். பழைய மிஷினில் மிச்சம் பிடித்த பணம் அந்த ஒரு கல்யாணத்தில் போய்விடும்.

வோல்டேஜுக்கு 600 விஏ யூபிஎஸ் போதாது. அது பொதுவாக 360 வாட்தான், இந்த மிஷின் உச்சத்தில் அதைத் தாண்டும். 1100 விஏ எடுங்கள். கடை இன்வெர்ட்டரை நம்புவதானால் யூபிஎஸ் மோடில் வையுங்கள், சாதா மோடில் மாறும் இடைவெளிக்குள் மிஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோர உப்புக்காற்றில் 4யூ கேஸ் எத்தனை வருடம் தாங்கும் என்று எங்களால் அடித்துச் சொல்ல முடியாது. நாங்கள் பார்த்தது உள்மாவட்டத்தில்தான். ஏற்கெனவே சர்வர் வாங்கிவிட்டவர்கள் அதைக் கடையின் பின்னறையில் ஆர்க்கைவ் ஸ்டோரேஜாக ஓடவிடலாம். ஹார்டு டிஸ்க்குகள் அங்கேயே இருக்கட்டும். மண்டபத்துக்குப் போகும் 4யூவில் எஸ்எஸ்டி மட்டும் போதும்.